கையகப்படுத்திய நிலமும் கையெழுத்திட்டுக் கொடுத்த நிலமும்

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1990களில் அரசு நிலம் எடுத்தது. தரைக்கடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. அதை வெட்டி மின்சாரம் தயாரிப்பது திட்டம். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2007ஐ ஒட்டிய காலத்தில், பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறை, பெண்ணகோணம், எறையூர், மிளகாநத்தம் பகுதிகளில் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒன்றுக்காக ஏறத்தாழ 3,000 ஏக்கர் கைமாறியது. முதல் இடத்தில் நிலம் போனது அரசின் அறிவிக்கையால். உடையவரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில் போனது கிரயப் பத்திரத்தால். உடையவரே பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். சொன்ன சுரங்கம் ஜெயங்கொண்டத்தில் வரவில்லை. சொன்ன தொழிற்சாலைகள் திருமாந்துறையில் வரவில்லை.

தனிமனித உரிமையா, பொதுநன்மையா என்ற வாதம் நம்மிடையே பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறது. ஒருவர் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஊருக்குச் சாலை வேண்டியிருக்கிறது, யார் விட்டுக்கொடுப்பது என்று கேட்கிறோம். இந்த இரு மாவட்டங்களின் அனுபவத்தைக் கூர்ந்து பார்த்தால் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று எழுகிறது. இது பொதுநன்மைக்கு என்று அரசு ஒரு நிலத்தைச் சுட்டிக்காட்டுகிறது. அந்தச் சொல் பொய்த்துப்போனால் அதன் விலையைக் கொடுப்பது யார்? இதுவரை கொடுத்தது நிலம் இழந்தவர்தான். அதிலும், கட்டாயப்படுத்தி எடுக்கப்பட்டவரைவிட, தானாக விற்றதாகப் பதிவானவர் இன்னும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

இந்த மண்ணில் அரசு நிலத்தில் கைவைத்தது 1990களில் முதல்முறை அல்ல. உடையார்பாளையம் ஜமீனாக இருந்த பகுதி இது. 1948இல் சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஜமீன்தாரின் உரிமை நீங்கி, உழுதவர் ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் ஆனார். நாடெங்கும் இத்தகைய சட்டங்களை எதிர்த்து நிலவுடைமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். சொத்துரிமை அப்போது அடிப்படை உரிமையாக இருந்தது. அதைச் சமாளிக்க 1951இல் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, ஒன்பதாவது அட்டவணை உருவானது. சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த அட்டவணையில் பாதுகாப்பாக வைக்கப்பட்டது. பிறகு 1961இல் தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்று வந்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. சிலரின் சொத்துரிமையைச் சுருக்கிப் பலருக்குச் சுதந்திரம் தந்த காலம் அது. அண்ணல் அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணம் விவசாய நிலம் முழுவதையும் அரசுடைமையாக்கச் சொன்னது. நிலம் சிலரிடம் குவிந்திருக்கும் ஊரில் சொத்துரிமை மற்றவர்களைக் கட்டிப்போடும் கயிறாகவும் இருக்கும் என்பதை அந்தத் தலைமுறை நேரில் கண்டிருந்தது.

1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300அ பிரிவு மட்டும் எஞ்சியது. ஜமீன்தாருக்கும் பெருமுதலாளிக்கும் கவசமாக இருந்ததைக் கழற்றுவதே அன்றைய நோக்கம். ஆனால் கவசம் எல்லோரிடமிருந்தும் கழன்றது. ஜமீன் ஒழிப்பால் பட்டா பெற்ற குடும்பத்தின் அடுத்த தலைமுறை, அதே உடையார்பாளையம் பகுதியில், கையில் இரண்டு ஏக்கர் முந்திரிக் கொல்லையோடு அரசின் அறிவிக்கைக்கு முன்னால் நின்றபோது, அதனிடம் நில எடுப்புச் சட்டத்தை எதிர்த்துச் சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. பொதுநன்மையின் பெயரால் கிடைத்த பட்டாவைப் பொதுநன்மையின் பெயரால் திருப்பிக் கேட்டார்கள்.

அந்த நில எடுப்புச் சட்டம் 1894இல் ஆங்கிலேயர் போட்டது. பொதுக்காரியம் எது என்பதை அரசே தீர்மானிக்கும். அந்தத் தீர்மானமே அதற்கு முடிவான சான்று. உடையவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் அதைக் கேட்டு முடிவெடுப்பதும் அரசுதான். வாதாட எஞ்சியிருந்தது விலை ஒன்றே. ஜெயங்கொண்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இந்தச் சட்டத்தின்கீழ் டிட்கோ எனப்படும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு அதிகாரிகள் நிர்ணயித்த தொகையை ஏற்காமல் மக்கள் வழக்குக்குப் போனார்கள். வழக்குகள் குவிந்ததால் ஜெயங்கொண்டத்திலேயே சிறப்பு நீதிமன்றம் அமைக்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் தொகையை உயர்த்திச் சொன்னது, அதை எதிர்த்து மேல்முறையீடு, காலம் ஓடியது.

இழப்பீடு ஏன் அவ்வளவு குறைவாக வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். விலையைக் கணக்கிட அதிகாரி எடுப்பது அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களை. முத்திரைத்தீர்வைக்கு அஞ்சி நிலத்தை நிஜ விலைக்கு வெகுவாகக் கீழே காட்டிப் பதிவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். அரசின் வழிகாட்டி மதிப்பும் பல இடங்களில் சந்தை விலையை எட்டுவதில்லை. 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் அந்த மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டபோது வீட்டுமனை வாங்குவோர் மகிழ்ந்தார்கள். நில எடுப்பில் சிக்கிய விவசாயிக்கு அதே குறைப்பு இழப்பீட்டில் இறங்கியது. குறைத்துப் பதிந்தது பெரும்பாலும் வாங்கியவரின் வசதிக்காக. நட்டம் மட்டும் பல ஆண்டுகள் கழித்து அந்த ஊர் முழுவதற்கும் வருகிறது. மானாவாரி நிலம் என்ற வகைப்பாடு இன்னொரு அடி. அடங்கலில் புஞ்சை என்று எழுதியிருந்தால் அதில் நின்ற முந்திரியும் பலாவும் கணக்கில் சுருங்கிவிடும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதற்கு எந்தச் சட்டமும் தொகை நிர்ணயிக்கவில்லை. அது காத்திருந்த காலம். எடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நிலத்தைப் பட்டாதாரர் விற்க முடியாது. மகளின் கல்யாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ அடகு வைக்க முடியாது. வில்லங்கச் சான்று கேட்டால் எடுப்பு நடவடிக்கை அதில் தெரியும். கிராம நிர்வாக அலுவலர் சான்று தரத் தயங்கினால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை, ஆழ்துளைக் கிணற்றுக்கு மின் இணைப்பு இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டாலும் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வழியில்லை. நிலம் கண்ணெதிரே கிடக்கிறது, உழுகிறார்கள் கூட. ஆனால் நாளைக்கு என்று எதையும் தீர்மானிக்க முடியாது. சுதந்திரம் என்பதைப் பேச்சுரிமை, வாக்குரிமை என்ற அளவில் பேசிப் பழகிய நாம், தன் வாழ்வைத் தானே திட்டமிடும் ஆற்றலும் அதற்குள் அடங்கும் என்பதை மறந்துவிடுகிறோம். ஜெயங்கொண்டம் கிராமங்கள் கால் நூற்றாண்டு காலம் இழந்தது அதைத்தான்.

அந்தத் திட்டம் பின்னர் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பார்வைக்குப் போனது. இழப்பீட்டுச் சிக்கலும் செலவுக் கணக்கும் அதை நகரவிடவில்லை. முடிவில் தமிழ்நாடு அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தரத் தீர்மானித்தது. இதை ஒரு சாதாரண நிர்வாக உத்தரவாக நான் பார்க்கவில்லை. எடுத்த நிலம் அரசிடமே இருக்கும், பயன்படுத்தாவிட்டாலும் பழைய உடையவருக்கு அதன்மீது உரிமை எழாது என்பதுதான் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் எடுத்துவந்த நிலை. ஆனால் தமிழ்நாடு ஒரு விதிவிலக்கு வைத்திருந்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலத் திருத்தமாக 48ஆ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. எடுத்த காரியத்துக்கோ வேறு பொதுக்காரியத்துக்கோ நிலம் தேவைப்படாவிட்டால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டச் சம்மதிக்கும் பழைய உடையவருக்கே அரசு அதை மாற்றித் தரலாம் என்றது அந்தப் பிரிவு. 'தரலாம்' என்ற அளவோடு அது நின்றுவிட்டது. கேட்டுப் பெறும் உரிமையாக அது வளரவில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. என்றாலும், அரசின் சொல் பொய்க்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட பிரிவு அது.

இப்போது பெரம்பலூருக்கு வருவோம்.

சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005இல் நிறைவேறியது. ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளை ஒரே வளாகத்தில் குவித்து, வரிச்சலுகை தந்து, வேலைவாய்ப்பைப் பெருக்குவது நோக்கம். 2007 மார்ச்சில் மேற்கு வங்க நந்திகிராமத்தில் நில எடுப்பை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, பலர் இறந்தார்கள். அடுத்த மாதமே மத்திய அமைச்சர் குழு, தனியார் மண்டலங்களுக்கு மாநிலங்கள் கட்டாயமாக நிலம் எடுத்துத் தரக் கூடாது என்று முடிவு செய்தது. நல்ல முடிவு என்றே அன்று எல்லோரும் நினைத்தார்கள். இந்தச் சூழலில்தான் பெரம்பலூர் மண்டலம் வந்தது. ஜி.வி.கே. என்ற தனியார் குழுமமும் டிட்கோவும் அதில் கூட்டாளிகள். கட்டாயம் கிடையாது, விருப்பமுள்ளவரிடம் விலை பேசி வாங்குவது.

விருப்பம் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிப் பூமி அது. மழை இரண்டு பருவம் பொய்த்தால் கடன் ஏறும். அந்த நேரத்தில் தரகர் வருகிறார். கூட்டாளியாக அரசு நிறுவனம் இருக்கிறது என்பதே விவசாயிக்கு ஒரு செய்தி; இப்போது கொடுக்காவிட்டால் பின்னால் அரசே எடுத்துக்கொள்ளும் என்று அவர் அதைப் புரிந்துகொள்வதில் வியப்பில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் விற்றுவிட்டால் வண்டிப்பாதை போய்விடும். நடுவில் மாட்டிக்கொண்ட காட்டுக்கு மாடு ஓட்டிப் போகவும் வழி இருக்காது. முதலில் விற்றவருக்கு ஒரு விலை, கடைசியில் நிற்பவருக்கு வேறு நிலைமை. ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்துப் போட்டார்கள் என்பது உண்மை. ஒவ்வொருவரும் தனித்து விடப்பட்டிருந்தார்கள் என்பதும் உண்மை. குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் வீட்டுமனையும் தருவதாகச் சொல்லித்தான் குறைந்த விலைக்கு வாங்கினார்கள் என்று விவசாயச் சங்கங்கள் இன்றுவரை சொல்லிவருகின்றன. நிலத்தின் பெரும்பகுதி பத்தாண்டுகளுக்கு மேல் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது.

நாடு முழுவதும் இதே கதை நடந்தது. 2014இல் வெளியான இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைப்படி, மண்டலங்களுக்காக அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் வேலை தொடங்கியது 28,488 ஹெக்டேரில்தான். ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான நிலம் சும்மா இருந்தது.

இங்கேதான் முதலில் சொன்ன முரண் முழுதாகத் தெரிகிறது. ஜெயங்கொண்டத்தில் கட்டாயமாக நிலம் இழந்தவருக்கு இழப்பீட்டை உயர்த்திக் கேட்க நீதிமன்றம் இருந்தது. திருப்பிக் கேட்க 48ஆ இருந்தது. 2013இல் வந்த புதிய நில எடுப்புச் சட்டமோ, ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தைப் பழைய உடையவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்று 101ஆம் பிரிவில் எழுதிவைத்தது. திருமாந்துறைக்காரருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. அவர் விற்றவர். விலை குறைவென்றால் அது அவர் செய்த பேரம். வேலை கிடைக்கவில்லையென்றால் அது பத்திரத்தில் எழுதாத வாய்ச்சொல். நிலம் சும்மா கிடந்தால் அது வாங்கியவர் பாடு. சுதந்திரமாகச் செய்த ஒப்பந்தம் என்று சட்டம் அவரைக் கௌரவித்தது. அந்தக் கௌரவத்தின் பலன் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதுதான். கட்டாயத்தைத் தடுத்த 2007ஆம் ஆண்டு முடிவு, கட்டாயத்தோடு சேர்ந்து வரும் கடமைகளிலிருந்தும் அரசை விடுவித்துவிட்டது. ஒருபக்கம் அரசு நிறுவனம் கூட்டாளியாக நின்று, வரிச்சலுகை தந்து, பொதுநன்மை என்று அறிவித்துக்கொண்டே, மறுபக்கம் இது இரு தனியாருக்கு இடையிலான விற்பனை என்று விலகி நிற்பது நியாயமே இல்லை.

இரண்டு காகிதத்திலும் பெயரே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குத்தகைக்கு உழுதவர், களையெடுத்தவர், பருத்தி பறித்தவர், அறுவடை முடிந்த காட்டில் ஆடு மேய்த்தவர். இவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினரும் நிலமற்ற பெண்களும். பட்டாதாரர் கையில் தொகையாவது வந்தது. இவர்களுக்கு வந்தது வேலையின்மை. மூன்றாண்டு காலம் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த கூலிக் குடும்பத்தையும் குத்தகைக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கிட்டது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய முன்னேற்றம். தனிமனித உரிமை என்று பேசும்போது பட்டாதாரரை மட்டும் தனிமனிதராக எண்ணும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். சோழர் காலத்திலேயே கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் நிலம் கொடுத்தபோது, ஏற்கெனவே உழுத குடிகளை நீக்கிக் கொடுத்ததா, நீக்காமல் கொடுத்ததா என்பதைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். ராஜேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரம் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குடிகளை நீக்கியது நியாயம் என்று சொல்லவரவில்லை. நீக்கினோம் என்று எழுதிவைக்கும் அளவுக்காவது அந்த ஆட்சிக்கு அது தெரிந்திருந்தது.

எதிர்ப்பக்கத்து வாதத்தைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை. திருச்சி–சென்னை நான்குவழிச் சாலை பெரம்பலூர் வழியாகப் போகிறது. அது யாரோ ஒருவரின் காட்டில்தான் போகிறது. மருதையாற்றின் குறுக்கே கொட்டரையில் நீர்த்தேக்கம் கட்ட நிலம் வேண்டியிருந்தது. அதன் தண்ணீரும் விவசாயிக்குத்தான். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அதுவரை பெரிய சிகிச்சை என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓடியவர்கள் இந்த மாவட்டத்தார். எவரிடமிருந்தும் நிலம் எடுக்கவே கூடாது என்றால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. தொழிலும் வேண்டும். எறையூரில் சுமார் 243 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா 2022 நவம்பரில் தொடங்கப்பட்டு, அங்கே காலணித் தொழிற்சாலை வந்தது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனமான டீன் ஷூஸ் 1,000 கோடி ரூபாய் முதலீட்டில் அமைக்கும் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. திருப்பூருக்கும் சென்னைக்கும் போய் விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்ணுக்கு, வீட்டிலிருந்தே போய்வரும் தொலைவில் மாதச் சம்பளம் என்பது சாதாரண விஷயம் அல்ல. அப்பாவின் காட்டைப் பற்றிய பயமும் மகளின் வேலையைப் பற்றிய ஆசையும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. இரண்டும் உரிமைதான்.

திட்டம் வெற்றிபெற்ற இடத்திலும் கணக்கு நேராகிவிடுவதில்லை என்பதற்கு அரியலூரின் சுண்ணாம்புக்கல்லே சாட்சி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த இடம் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படுகைமேல் 1979இல் அரசு சிமெண்ட் ஆலை எழுந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் இந்த மாவட்டத்து மண் இருக்கிறது. மாவட்டத்துக்கு மிஞ்சியது வெட்டி முடித்த குழிகளும், புழுதியும், இரவும் பகலும் ஓடும் லாரிகளும். கனிமம் எடுக்கும் மாவட்டத்துக்கே ஒரு பங்கு திரும்ப வேண்டும் என்று 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. உரிமத்தொகையில் 10 அல்லது 30 விழுக்காட்டை நிறுவனங்கள் கூடுதலாக அதில் செலுத்த வேண்டும். அந்தப் பணம் எந்த ஊரில் எதற்குச் செலவானது என்று கிராமசபையில் ஒவ்வோராண்டும் படித்துக்காட்டினால், பொதுநன்மை என்ற சொல்லுக்கு உள்ளூரில் ஒரு பொருள் கிடைக்கும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் 1894க்கு மாற்றாக வந்தபோது நிலைமை மாறும் என்ற நம்பிக்கை இருந்தது. தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காடு, அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 விழுக்காடு உடையவர்களின் சம்மதம். எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு. பயன்படுத்தாத நிலத்தைத் திருப்புதல். ஆனால் தமிழ்நாட்டில் நிலம் எடுக்கப் பெரிதும் பயன்படுவது மாநிலத்தின் சொந்தச் சட்டங்கள். தி.மு.க. ஆட்சியில் கொண்டுவந்த தொழில்துறைக்கான 1997ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அவற்றில் ஒன்று. அ.தி.மு.க. ஆட்சியில் மத்தியச் சட்டத்தில் 105அ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் மூன்று சட்டங்களை அதன் பிடியிலிருந்து விலக்கினார்கள். இழப்பீடும் மறுவாழ்வும் மத்தியச் சட்டப்படி. சம்மதமும் தாக்க மதிப்பீடும் தேவையில்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாதவை என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றம் அவற்றுக்கு முன்தேதியிட்டு உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் நிலம் எடுக்கும் அதிகாரத்தில் தமிழ்நாட்டு அரசு ஒரே முகத்தோடுதான் இருந்திருக்கிறது.

2020இல் காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோதும் அப்படித்தான். முதலில் சொன்ன எட்டு மாவட்டங்களில் அரியலூர் இருந்தது. சட்டம் நிறைவேறியபோது திருச்சி, கரூரோடு அரியலூரும் விடுபட்டது. மூன்றே ஆண்டுகளில் அடுத்த பட்டியல் வந்தது. மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் சேர்த்த பழுப்பு நிலக்கரிப் பகுதிகளில் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இருந்தது. 2023 ஏப்ரலில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; அப்பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைப் பட்டியலிடலாமா என்று தமிழ்நாடு டெல்லியிடம் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதே மாதம் 21ஆம் தேதி, 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெருந்திட்டங்களுக்காக நீர்நிலைகள் அடங்கிய அரசு நிலங்களையும் ஒருங்கிணைத்துத் தர வழிசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் விவாதமின்றி நிறைவேற்றியது. மாநிலம் மத்திய அரசிடம் கேட்ட மரியாதையைக் கிராமம் மாநிலத்திடம் எதிர்பார்ப்பதில் தவறென்ன?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் நகராட்சி, பொருளாதார வளர்ச்சிக்காக என்று குடியிருப்புகளை எடுத்தது. பக்கத்தில் ஃபைசர் மருந்து நிறுவனம் ஆய்வகம் கட்டியிருந்தது. 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது. 2009இல் ஃபைசர் வெளியேறுவதாக அறிவித்தது. வீடுகளை இடித்த இடம் ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்தது. ஆனால் அங்கே நடந்த இன்னொன்றை நாம் கவனிக்க வேண்டும்: அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தை மாற்றி அந்த அதிகாரத்தைச் சுருக்கிக்கொண்டன. நம் நாட்டில் சிங்கூரில் 2016இல் உச்ச நீதிமன்றமே நில எடுப்பை ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. இமாசலப் பிரதேசத்தில் 1960களில் சாலைக்காக ஒரு பெண்ணின் நிலத்தை இழப்பீடே தராமல் எடுத்துக்கொண்ட அரசு, இத்தனை காலம் அனுபவித்ததால் அது எங்களுக்கே சொந்தம் என்று வாதாடியது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைக் கண்டித்துத் தள்ளியது.

2024இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த இரண்டு தீர்ப்புகள் முக்கியமானவை. நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையினர், தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்றார்கள். அதைவிட நம் பேச்சுக்கு நெருக்கமானது மே மாதத்தில் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் வந்த தீர்ப்பு. 300அ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாக அது சொன்னது. அறிவிப்புப் பெறுதல், முறையிடக் கேட்கப்படுதல், காரணம் சொல்லும் முடிவு, பொதுக்காரியத்துக்கு மட்டுமே எடுப்பு, நியாயமான இழப்பீடு, விரைவான நடவடிக்கை ஆகிய ஆறும் ஓரளவு முன்பே பேசப்பட்டவை. ஏழாவது, நடவடிக்கைக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற உரிமை. இழப்பீடு கொடுத்தாலும் நிலத்தை முறைப்படி எடுத்து முடிக்காமல் தொங்கவிடுவது அந்த உரிமையை மீறுவதாகும். ஜெயங்கொண்டத்தின் கால் நூற்றாண்டுக்கு இப்போதுதான் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

இந்த ஏழாவது உரிமையைத் தமிழ்நாடு தன் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலம் எடுக்கும் ஒவ்வோர் உத்தரவிலும் காரியத்தோடு கெடுவும் இருக்க வேண்டும். கெடு தாண்டினால் உடையவர் மனுப்போட்டு அலையாமல் நிலம் தானாகத் திரும்ப வேண்டும். காத்திருக்கவைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏக்கருக்கு இத்தனை என்று குத்தகை போல அரசு கொடுக்க வேண்டும். காலத்துக்கு விலை வந்தால்தான் கோட்டையில் கோப்பு நகரும். அரசு நிறுவனம் கூட்டாளியாக இருக்கும் திட்டத்துக்கு விற்கப்பட்ட நிலத்துக்கும் இதே விதி பொருந்த வேண்டும். பத்திரத்தில் கிரயம் என்று எழுதியிருப்பது அரசின் பொறுப்பைக் கழுவிவிடக் கூடாது. வேலை தருவதாகச் சொன்னால் அது பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். தொழில் வராமல் போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: எறையூர்த் தொழிற்பூங்காவுக்குத் தேவைப்பட்டது 243 ஏக்கர். பக்கத்திலேயே பத்து மடங்குக்கு மேல் நிலத்தை ஒரே மூச்சில் வாங்கி முடக்கியது தொழிலுக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜெயங்கொண்டத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அறிவிக்கை வந்த காலத்துப் பட்டாதாரர்களில் பலர் இன்று இல்லை. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, எல்லை அளவை, உட்பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் வட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டும். அம்மாவின் பெயரில் இருந்த நிலத்தில் கட்டிக்கொடுத்துப் போன மகளுக்கும் பங்குண்டு. அவளைக் கூப்பிடாமல் அண்ணன் தம்பிகள் பெயரில் மட்டும் பட்டா மாறிவிடாமல் வருவாய்த் துறை பார்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தை எடுத்தபோது ஊர் ஊராக முகாம் போட்டு அளந்தவர்கள், திருப்பித் தரும்போதும் அப்படியே முகாம் போட்டு, செலவை அரசே ஏற்று முடித்துத் தருவதுதான் முறை. திருமாந்துறைப் பக்கம் நிலத்தை என்ன செய்யப் போகிறோம், எந்தத் தேதிக்குள், முடியாவிட்டால் எத்தனை ஏக்கரை யாருக்குத் திருப்பிக் கொடுப்போம் என்பதைக் கூட்டாளி என்ற முறையில் டிட்கோ அறிவிக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.